பல்லுக்கு இல்லை, தாடைக்கு உண்டு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. தை மாதம் அம்மாவின் மேல் வரிசை முன்பல் ஒன்றில் வலி தொடங்கியது. இடது பக்கம், நடுப்பல்லுக்கு அடுத்தது.
2. அம்மா யாரிடமும் சொல்லவில்லை. கிராம்பை வைத்துக்கொண்டு தறி ஓட்டினாள்.
3. மாசிக் கடைசியில் எனக்குத் தெரிந்தது.
4. அரசு மருத்துவமனையின் பல் டாக்டர், பல்லைக் காப்பாற்றலாம், ஆனால் இங்கே முடியாது என்றார்.
5. பெரிய மருத்துவமனையில், காப்பீட்டு அட்டை பார்க்கும் கவுன்ட்டரில், பல்லுக்கு அட்டையில் இடமில்லை என்றார்கள். வீக்கம் வந்தால் வரச் சொன்னார்கள்.
6. நான் சான்றிதழ், நகல், விண்ணப்பம் என்று ஏழு வாரம் ஓடினேன்.
7. வைகாசியில் வீக்கம் வந்தது.
8. அட்டை செல்லுபடியானது. ஒரு மணி நேரத்துக்குள் அனுமதி கிடைத்தது.
9. மூன்று பற்களை எடுத்தார்கள்.
10. அம்மாவால் இப்போது தறி ஓட்ட முடிவதில்லை.

ஒன்பதுக்கும் பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள் விசைத்தறிப் பட்டறைக்குள் போயிருக்க மாட்டார்கள். மருத்துவமனையில், மனு வாங்கும் இடத்தில், தொலைபேசியில் புகார் எடுத்த பெண்ணிடம் என்று பல முறை விளக்கிவிட்டேன். இங்கேயும் ஒருமுறை.

தறியில் குறுக்கு நூலை இப்படியும் அப்படியும் கொண்டு போவது நாடா. படகு போல இருக்கும் மரத்துண்டு. அதன் வயிற்றில் நூல் சுற்றிய தார்க்குச்சி இருக்கும். நூல் தீர்ந்தால் தறியை நிறுத்தி, நாடாவை எடுத்து, புதுத் தார் போட்டு, நூல் முனையைப் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கண் வழியாக வெளியே கொண்டு வர வேண்டும். இதற்கென்று கொக்கி ஊசி உண்டு. யாரும் தொடுவதில்லை. கண்ணில் வாயை வைத்து ஒரே இழுப்பு. நூல் நாக்குக்கு வந்துவிடும். மிச்ச முனையை முன்பல்லால் கடித்துத் துப்பிவிட்டுத் தறியைத் தட்டிவிடுவார்கள். மூன்று நொடி வேலை. நெய்த மீட்டருக்குத்தான் கூலி என்பதால், தறி நிற்கிற நேரம் நெய்கிறவரின் தலையில் விடியும். நூலோடு பஞ்சும் சாயமும் எண்ணெயும் வாய்க்குள் போகும். அம்மா இதை இருபத்திரண்டு வருடம் செய்திருக்கிறாள். நான்கு தறிகள்.

சொத்தைப் பல்லின் மேல் குளிர்ந்த காற்றை வேகமாக இழுத்துப் பாருங்கள். என்ன ஆகும் என்று தெரியும். அம்மா அதைத்தான் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை செய்துகொண்டிருந்தாள்.

எங்கள் ஊர், ராசிபுரத்திலிருந்து சேலம் போகும் சாலையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர். நான் கருவியியலில் டிப்ளமோ படித்துவிட்டுச் சூரமங்கலத்தில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தராசு, அழுத்தமானி, வெப்பமானி இவையெல்லாம் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்று கொடுக்கும் இடம். காலையில் ஏழு மணிப் பேருந்தில் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. அதனால் அம்மாவின் முகத்தை நான் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே குறைவு. ஒரு விடுமுறை நாளில், அம்மா வீட்டில் மறந்து வைத்த கைப்பேசியைக் கொடுக்கப் பட்டறைக்குப் போனபோதுதான் பார்த்தேன். நாடாவை வலது கடைவாய்ப் பக்கம் வைத்து உறிஞ்சினாள். உறிஞ்சும்போது இடது கண் இறுக மூடியது. பத்து நிமிடம் நின்றேன். ஐந்து முறை அந்தக் கண் மூடியது.

பட்டறைக்குள் பேசுவது என்றால் கத்துவதுதான்.

"ஏம்மா, மூஞ்சிய ஏன் அப்படி வெச்சுக்கற?"

"எப்படி வெச்சிருக்கேன்?"

"தார் மாத்தும்போது."

"நூல் உறிஞ்சறவ மூஞ்சி பின்ன மகாலட்சுமியாட்டமா இருக்கும்? போனைக் குடுத்துப்போட்டு ஊட்டுக்குப் போ."

அடுத்த தறி அக்கா தன் தறியை நிறுத்தாமலே கத்தினாள். "ரெண்டு மாசமா இப்படித்தான் கண்ணு. கிராம்பு டப்பாவெ எடுத்து ஒளிக்குது பாரு, உங்கம்மா!"

அடுத்த வாரமே பல்லைக் காட்டக் கூட்டிப் போனேன். எந்த ஊர் மருத்துவமனை என்று எழுதவில்லை. அங்கே இருந்த பல் டாக்டர் மீது எனக்குக் கோபமில்லை. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருவார். சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "இதைப் பிடுங்கக் கூடாதுங்க அம்மா. நல்ல பல்லு. வேர் சிகிச்சை பண்ணினா இன்னும் இருபது வருஷம் வரும்," என்றார்.

"பண்ணிருங்க டாக்டர்."

"இங்க அதுக்குச் சாமான் இல்லீங்க. பிடுங்கறதுக்கு மட்டும்தான் இருக்கு." சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை. மாத்திரையும், பெரிய மருத்துவமனைக்கு ஒரு சீட்டும் எழுதினார். வேலை என்ன என்று கேட்டார். அம்மா "தறிங்க" என்றாள். அவர் எழுதிக்கொண்டார். வாயால் நூல் உறிஞ்சுவதை அவரும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. மண்வெட்டி பிடிக்கிறவர், கையால் பிடிப்பேன் என்று டாக்டரிடம் தனியாகச் சொல்வாரா?

பெரிய மருத்துவமனையில் பல் பிரிவில் வேர் சிகிச்சை செய்கிறார்கள். வரிசையில் எங்களுக்குக் கிடைத்த தேதி ஆனி மாதம். அப்போது பங்குனி. வாங்கிக்கொண்டோம். பிறகு, அட்டை இருக்கிறதே, அதை வைத்து ஏதாவது தனியார் மருத்துவமனையில் உடனே செய்ய முடியுமா என்று கேட்கலாமென்று காப்பீட்டுக் கவுன்ட்டருக்குப் போனோம்.

அட்டையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நான்கு வருடங்களுக்கு முன் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. அவர் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டவர். திடீரென்று ஒரு நாள் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சேலத்துக்குக் கொண்டுபோனோம். இரத்தக் குழாயில் அடைப்பு. அந்த அட்டையை நீட்டினோம். ஒரு ரூபாய் கேட்கவில்லை. ஆறாம் நாள் அப்பா நடந்து வெளியே வந்தார். அந்த அட்டை இல்லையென்றால் நான் மூன்றாம் வருடப் படிப்பை முடித்திருக்க மாட்டேன். எங்கள் வீட்டில் அது சாமி அலமாரியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை படங்களுக்குப் பொட்டு வைக்கும்போது அதன் பிளாஸ்டிக் உறைக்கும் அம்மா ஒரு பொட்டு வைப்பாள். நான் சிரித்ததில்லை. எனக்கும் அதே எண்ணம்தான்.

கவுன்ட்டரில் என் வயதுடைய ஒருவர் இருந்தார். அட்டையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், கம்ப்யூட்டரில் தட்டினார். திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"பல்லுன்னு அடிச்சா ஒண்ணும் வர மாட்டேங்குதுங்க மேடம். தாடைன்னு அடிச்சா வருது, பாருங்க."

பார்த்தேன். தாடை எலும்பு முறிவு. தாடைக் கட்டி. தாடைப் புற்று. முகத்தில் சீழ் வீக்கம், அறுவை சிகிச்சை.

"இவங்களுக்கு இப்ப இருக்கறது சொத்தை. சொத்தை லிஸ்ட்ல இல்லீங்க."

"சொத்தையை அப்படியே விட்டா என்னங்க ஆகும்?"

"சீழ் வைக்கும்."

"சீழ் வெச்சா லிஸ்ட்ல இருக்கு."

"ஆமாங்க."

"அப்ப அதுக்கு முன்னாடியே பண்ணினா கவர்மெண்டுக்குச் செலவு கம்மிதானே?"

"கம்மிதாங்க மேடம்." கொஞ்சம் யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, நல்லெண்ணத்தோடு, ஒரு வழி சொல்லிக் கொடுப்பவர் போலச் சொன்னார்: "வீக்கம் வந்துச்சுன்னா விடாம உடனே கூட்டிட்டு வாங்க. அன்னைக்கே அப்ரூவல் வாங்கித் தர்றேன்."

அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. எங்கள் ஆய்வகத்துக்கு ஓர் அழுத்தமானி வந்து, அதன் முள் அரைக் கோடு விலகியிருந்தாலே கழற்றிச் சரிசெய்துதான் அனுப்புவோம். பாய்லர் வெடித்ததும் கொண்டு வாருங்கள், அன்றே பார்த்துத் தருகிறோம் என்று நாங்கள் சொன்னால் எங்களை உள்ளே தள்ளிவிடுவார்கள். இங்கே அதையே ஒரு திட்டமாக எழுதி, கம்ப்யூட்டரில் ஏற்றி, அதைப் படித்துக் காட்ட ஓர் ஆளையும் உட்கார வைத்திருக்கிறார்கள்.

சேலத்தில் ஒரு தனியார் பல் மருத்துவமனையிலும் விசாரித்தேன். மூன்று முறை வர வேண்டும், மேலே உறை போட வேண்டும். என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கும் மேல். கஷ்டம்தான், ஆனால் முடியாத தொகை இல்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன். அன்று சாயங்காலம் வீட்டில் மூன்று பேரும் பேசினோம்.

அப்பா, "கட்டிப்போடலாம். பல்லு வலியோட எத்தனை நாளைக்கு?" என்றார்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அட்டை எதுக்கு இருக்குது? நெஞ்சுக்கே குடுத்துச்சு. ஒரு பல்லுக்குக் குடுக்காதா?"

"நெஞ்சு உள்ள இருக்குது. பல்லு வெளிய இருக்குது. வெளிய இருக்கறதுக்கெல்லாம் கவர்மெண்டு எதுக்குக் குடுக்கோணும்?"

"அப்ப உங்க நாக்குக்கும் குடுக்காது. கொஞ்சம் உள்ளயே வெச்சுக்கோங்க."

அப்பா சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். முடிவு என்னுடையது என்று அர்த்தம். நான் படித்தவள். படிவம் நிரப்பத் தெரிந்தவள். நான் அம்மாவின் பக்கம் பேசினேன். திரையில் இல்லை என்பதால் எங்கேயும் இல்லை என்று ஆகாது, யாரையாவது கேட்டால் வழியிருக்கும், கொஞ்சம் பொறு, நான் பார்க்கிறேன் என்றேன். இதயத்தில் ஒரு சிக்கலைத் தீர்த்த அட்டை பல்லிடம் தோற்காது என்று நாங்கள் இரண்டு பேரும் நம்பினோம். வசதியுள்ளவர்கள் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். அவர்களுக்கு எந்த அட்டையையும் நம்ப வேண்டியதில்லை. ஒரு முறை உயிரைத் திருப்பிக் கொடுத்த பொருளை நம்பியவர்கள் செய்யும் தப்பு இது. தப்பு என்னுடையது. அதற்கு இடம் வைத்தவர்கள் வேறு ஆட்கள்.

இ-சேவை மையத்தில் ஒருவர், புது வருமானச் சான்றிதழும் டாக்டர் கடிதமும் இருந்தால் சிறப்பு அனுமதி கேட்கலாம் என்றார். அதை நம்பித்தான் ஏழு வாரம். வருமானச் சான்றிதழுக்குப் பதினொரு நாள். கையெழுத்துப் போட வேண்டியவர் மூன்று ஊர்களுக்கு ஒரே ஆள். டாக்டர் கடிதத்துக்குப் போனால் அவர் பள்ளிக்கூட முகாமுக்குப் போயிருந்தார். அடுத்த வாரம் போனபோது பார்த்தேன். எழுதிக் கொடுத்தார். "நடந்தா எனக்கும் சொல்லுங்க. மத்தவங்களையும் அனுப்பலாம்," என்றார். அம்மாவின் போட்டோ, அட்டையின் நகல், ரேஷன் கார்டின் நகல், பல்லின் எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, முதல் பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் ஒட்டினேன். அழகான கோப்பு. அதை இணையத்தில் ஏற்றிய பிறகு தினமும் பேருந்தில் உட்கார்ந்து திறந்து பார்ப்பேன். பரிசீலனையில் உள்ளது. பரிசீலனையில் உள்ளது. ஓமலூர் பக்கத்திலிருந்து வரும் என் கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி, "பையனோட மெசேஜுக்குக்கூட நீ இப்படிக் காத்திருக்க மாட்டேடி," என்றாள்.

அந்த ஏழு வாரமும் அம்மா தறி ஓட்டினாள். மாத்திரை போட்டால் நான்கு நாள் அடங்கும். மறுபடி வரும். மாத்திரை வாங்கிப் போடுவாள். ஒருநாள் மட்டும், நாடாவை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாளாம். அடுத்த தறி அக்கா பிறகு சொன்னாள்.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை காலை அம்மா சமையல் கட்டிலிருந்து வெளியே வந்தபோது அவள் முகம் அவள் முகமாக இல்லை. மேல் உதடும் இடது கன்னமும் ஒன்றாகி, கண்ணுக்குக் கீழே வரை ஏறியிருந்தது. கண் ஒரு கீறலாகத்தான் தெரிந்தது. உடம்பு கொதித்தது. அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது.

"ஷிப்டுக்குப் போயிட்டு மத்தியானமா போலாம் சாமி," என்றாள். வாய் சரியாகத் திறக்கவில்லை.

அப்பா அடுப்பை அணைத்தார். பக்கத்து வீட்டு வேனில் சேலத்துக்குப் போனோம். வழியிலேயே கவுன்ட்டர்காரரிடம் கேட்டு, அவர் சொன்ன தனியார் மருத்துவமனைக்கே போனோம். அட்டையில் சேர்ந்தது. பார்த்த டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, கண்ணுக்கும் அதற்குப் பின்னால் மூளைக்கும் சீழ் ஏற இருந்தது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். ஏன் இவ்வளவு நாள் விட்டீர்கள் என்று கேட்டார். கோப்பு என் மடியில் இருந்தது. விண்ணப்பம் அன்றும் பரிசீலனையில்தான் இருந்தது.

அனுமதி ஒரு மணி நேரத்துக்குள் வந்தது. யாரும் நகல் கேட்கவில்லை. வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. முகத்தை ஒரு போட்டோ, விரல் ரேகை, அவ்வளவுதான்.

சீழை எடுத்தார்கள். அந்தப் பல்லைச் சுற்றி எலும்பு கரைந்து, பக்கத்துப் பற்கள் இரண்டும் ஆடிக்கொண்டிருந்ததால் மூன்றையும் எடுத்தார்கள். ஐந்து நாள் வார்டு. சாப்பாடு, ஊசி, படுக்கை எல்லாம் அட்டையில். மருத்துவமனைக்குத் திட்டத்திலிருந்து போன தொகை கடைசித் தாளில் இருந்தது. அதில் எங்கள் தெருவுக்கே பல் அடைத்திருக்கலாம்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அட்டைப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். நோயாளியைப் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும், சிகிச்சை இலவசமாகக் கிடைத்தது என்று ஒரு சின்ன வீடியோவும் வேண்டும். விதி அது. அம்மாவைக் கட்டிலில் நிமிர்ந்து உட்காரச் சொன்னாள். முடியைச் சரிசெய்துவிட்டாள். கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தாள்.

"கொஞ்சம் சிரிங்கம்மா."

அம்மா அவளைப் பார்த்தாள். "சிரிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணும் மிச்சம் வெக்கலியே கண்ணு நீங்க. பின்னாடி இருக்கறத வேணா காட்டட்டுமா?"

பக்கத்துக் கட்டில் பாட்டி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. "இல்லம்மா, மேல அனுப்பணும், அதான்." அம்மா வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். ஒரு ரூபாய்கூட வாங்கலீங்க என்றாள். அது உண்மை. வீடியோ ஏறியது. எங்கள் குடும்பம் அந்த மாதக் கணக்கில் பயன்பெற்ற குடும்பங்களில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும்.

நான் அந்தப் பெண்ணிடம், எடுத்த பற்களுக்குப் பதிலாகப் பல் கட்ட அட்டையில் வருமா என்று கேட்டேன். கைப்பேசியிலேயே பார்த்தாள். "அது அழகு சிகிச்சையில வருதுங்கக்கா. திட்டத்துல இல்லை."

அழகு. எனக்கு நாற்பத்தாறு வயதில் ஓர் அம்மா. காலை எட்டு மணியிலிருந்து ராத்திரி எட்டு மணி வரை நின்றுகொண்டே நெய்கிறவள். பஞ்சு படிந்த முடி. கண்ணாடி பார்ப்பது பொட்டு வைக்க. அவள் வாயில் அழகுக்கு வைத்திருந்தது என்ன என்று இந்த வார்த்தையை எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் போலிருந்தது. டாக்ஸி ஓட்டுகிறவரின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பார்வை அழகுக்கு என்று எழுதுவார்களா? அந்த மூன்று பல் இல்லாமல் அம்மா தறிக்குத் திரும்பிய முதல் நாள் என்ன நடந்தது என்றால், நாடாவில் வாய் வைத்து இழுத்தாள். மேல் உதட்டுக்குப் பின்னால் தாங்க ஒன்றும் இல்லை. உதடு உள்ளே மடிந்தது. காற்று பக்கவாட்டில் போனது. நூல் வரவில்லை. மறுபடி இழுத்தாள். நான்கு தறியில் மூன்று நின்றுவிட்டன.

நான் ஆய்வகத்தில் மெல்லிய எஃகுக் கம்பியை வளைத்து ஒரு கொக்கி செய்து கொடுத்தேன். கடையில் கிடைக்கும் ஊசியைவிட நன்றாகவே வந்தது. அம்மா இரண்டு நாள் அதை வைத்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது சாமி. இதை வெச்சு நாலு தறி ஓட்டுனா, தீபாவளிக்குள்ள ஒரு கர்ச்சீப் நெய்ஞ்சுருவேன்."

பல் கட்டித் தரக் கேட்டுக் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு நாளில் மனு கொடுத்தேன். பத்து நாளில் கைப்பேசிக்குப் பதில் வந்தது. கோரிய சிகிச்சை அழகு சார்ந்தது, திட்டத்தில் இல்லை, மனு முடித்து வைக்கப்படுகிறது. இரண்டாவது மனுவில், நூலை எப்படி உறிஞ்சுகிறார்கள் என்று இரண்டு பக்கம் எழுதினேன். நாடாவின் படமும் வைத்தேன். அதற்கு ஓர் அதிகாரி தொலைபேசியிலேயே பேசினார். பொறுமையாகக் கேட்டார். "இன்னுமா வாயால உறிஞ்சறாங்க?" என்று ஆச்சரியப்பட்டார். இந்த மாவட்டத்தில் வேலை பார்க்கிறவர். பிறகு, "பல்லு தொழிலுக்குத் தேவைன்னு நீங்க சொல்றீங்க. அம்மா அந்தத் தொழில் பண்றாங்கன்னு பட்டறையிலிருந்து ஒரு கடிதம் குடுங்க. மேல அனுப்பிப் பார்க்கறேன்," என்றார். மருத்துவமனைத் தாள்களில் அம்மாவின் தொழில் என்ற இடத்தில் குடும்பத் தலைவி என்றிருந்தது. யார் எழுதினார்கள் என்று தெரியவில்லை.

பட்டறை முதலாளி கெட்டவர் இல்லை. அம்மா படுத்திருந்தபோது சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்து பார்த்தவர். கடிதம் என்றதும் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"லெட்டர் மட்டும் கேக்காத அம்மிணி."

"எங்கம்மா இங்க வேலை செய்யறாங்கன்னு ஒரே வரிங்க."

"நீ கேக்கறது பல்லு. அந்த வரியப் பாத்தா அவிய கேக்கறது ரிஜிஸ்டர்."

உள்ளே பதினாறு பேர் வேலை செய்கிறார்கள். பதிவேட்டில் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. எல்லாரும் பதிவேட்டில் இருந்திருந்தால் தொழிலாளர் காப்பீடு இருந்திருக்கும். அதில் பல்லுக்கும் பார்ப்பார்களாம். அதைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதா? எல்லாத்தையும் எழுதுனா நான் பட்டறைய பூட்டிப்போட்டுப் போகோணும். அப்பறம் உங்கம்மாவுக்குப் பல்லு இருந்து எதைக் கடிக்கறது?"

நான் கத்தவில்லை. கத்தியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. வெளியே வந்தால் அம்மா வாசலில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருப்பாள். "அந்த ஆளோட சண்டை போட்டறாத," என்றாள். "வேற எடத்துல எனக்கு ஒரு தறிகூடக் குடுக்க மாட்டாங்க."

அடுத்த வாரம் முதலாளி அம்மாவைத் தார் சுற்றும் மெஷினில் உட்கார வைத்தார். அதற்கு வாய் வேண்டாம். கூலி தறியில் வந்ததில் பாதிகூட இல்லை. அம்மாவின் நான்கு தறியும் அடுத்த தறி அக்காவுக்கும் இன்னொருவருக்கும் பிரிந்து போயின. அந்த அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உங்கம்மா தறி கண்ணு, நான் சும்மா பாத்துக்கறேன்," என்கிறாள். அவளுக்கும் கீழ்வரிசையில் ஒன்று வலிக்கிறது. அவள் வீட்டிலும் அட்டை இருக்கிறது. நான் அவளிடம், அட்டையை எடுக்காதே, போன வேகத்தில் பணம் கட்டி அடைத்துவிடு என்றேன். யோசிக்கிறேன் என்றாள்.

இன்றைய நிலை இது. பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் மாணவர்கள் இலவசமாகக் கழற்றி மாட்டும் பல் கட்டிக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அம்மா சாப்பிடுகிறாள். நூல் உறிஞ்சினால் அது கழன்று வருகிறது. நிரந்தரமாகக் கட்ட எலும்பு ஆற வேண்டும், அதற்கு ஆகும் தொகையை நான் மாதாமாதம் எடுத்து வைக்கிறேன், இன்னும் ஒரு வருடத்துக்குமேல் ஆகும். எடுத்த பற்களுக்கு அடுத்த பல்லில் சின்னச் சொத்தை விழுந்தது. மறுநாளே சேலத்துக்குக் கூட்டிப் போய்ப் பணம் கட்டி அடைத்துவிட்டேன். அம்மா தார் சுற்றுகிறாள். மூன்றாவது மனுவைக் கடிதம் இல்லாமலே கொடுத்திருக்கிறேன். எண் கிடைத்திருக்கிறது. பதில் வரவில்லை.